பூசணித் தோட்டத்தில் ஒரு காலை

ஒக்டோபர் மாதம் பிறந்தால் கனடாவில் இருக்கும் எங்கள் உறவினரின் படங்கள் கைத்தொலைபேசியில் வரத் தொடங்கிவிடும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாளில் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வெளியே உள்ள பண்ணைகளுக்குப் போகின்றன. அங்கே செம்மஞ்சள் நிறப் பூசணிக்காய்கள் வயல் நிறையக் கிடக்கும். உள்ளே போகப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய வைக்கோல் வண்டியில் பிள்ளைகளை ஏற்றித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த காயைத் தெரிவுசெய்து, அதன்மேல் ஏறி இருந்து படம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காய்களில் பெரும்பாலானவை சமைப்பதற்கல்ல. ஒக்டோபர் 31ஆம் திகதி ஹலோவீன் இரவில், உள்ளே குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, விளக்கேற்றி வாசலில் வைப்பதற்குத்தான். சாப்பிடும் பொருளை இப்படிச் செய்யலாமா என்று எங்கள் அம்மம்மாமார் கேட்பார்கள். அது அவர்கள் நாட்டு வழக்கம். விட்டுவிடுவோம்.

நான் எழுத வந்தது அந்தப் படங்களைப் பார்க்கும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி. "அம்மா, நாங்களும் அங்க போவமே?" என்று கேட்கும் பிள்ளைக்கு, "அதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு" என்று பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதிலைச் சொல்லும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஒரு பூசணித் தோட்டம் இருக்கும். வன்னியில் மேட்டுக்காணி உள்ள இடமெல்லாம் பூசணி போடுகிறார்கள். ஆனால் ஐந்து வயதாகியும் பூசணிக்காய் கொடியில் காய்க்கிறதா, மரத்தில் காய்க்கிறதா என்று தெரியாத பிள்ளைகளை நான் வன்னியிலேயே கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்தது சந்தையில் வெட்டி வைத்திருக்கும் துண்டு மட்டுமே.

இதற்குக் காரணம் சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2009ஆம் ஆண்டில் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்றைய இளம் தாய்மார். "தெருவை விட்டு இறங்காதை", "புல்லுக்க கால் வைக்காதை", "கிடக்கிற ஒண்டையும் தொடாதை" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள். அந்தச் சொற்கள் அன்று பல உயிர்களைக் காத்தன. முகாமிலிருந்து ஊர் திரும்பிய பின்னும் காத்தன. இன்று அதே சொற்களைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பிள்ளை படலைக்கு வெளியே போனால் நெஞ்சு படபடக்கிறது. பிள்ளை வீட்டுக்குள் இருந்து போன் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது. கண்டாவளைப் பக்கத்துத் தாய் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "அவன் மண்ணில விளையாடினா எனக்குப் பயம் அக்கா. ஏனெண்டு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது."

பயத்தை விட்டுவிடு என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஆனால் எல்லாப் பயத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால் எது உண்மையான ஆபத்து, எது பழைய நினைவு என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். ஆகவே முதலில் மூட்டையை அவிழ்ப்போம்.

மிதிவெடிப் பயம் உண்மையானது. 2002ஆம் ஆண்டு சமாதான காலத்திலும், பின்னர் 2009க்குப் பின்னும் எங்கள் பகுதிகளில் மிதிவெடி அகற்றும் வேலை பெருமளவில் நடந்தது. 2017 டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலைப் பக்கம் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியவர்களில் எங்கள் பெண்கள் பலர் இருந்தார்கள். கணவனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். நாங்கள் இன்று பிள்ளையோடு நடந்து போகும் நிலம் அவர்கள் கையால் திரும்பக் கிடைத்த நிலம். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் எல்லா இடமும் முடிந்துவிட்டதென்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு போகமும் உழுது பயிர் செய்துவரும் காணி ஒன்று, பற்றை மூடிக் கிடக்கும் காணி வேறொன்று. பிள்ளைகளைக் கூட்டிப் போவது முதலாவதற்கு மட்டும். போகும் வழியும் ஆட்கள் நாளாந்தம் நடந்து திரியும் வழியாக இருக்க வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள். வெள்ளம் வந்து வடிந்த பிறகு வாய்க்கால் கரைகளிலும் மண் அரித்த இடங்களிலும் கூடுதல் கவனம் வேண்டும். இரும்புத் துண்டோ, தெரியாத எந்தச் சாமானோ கண்டால் தொடாமல், எறியாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதை மூன்று வயதுப் பிள்ளைக்கும் பழக்கலாம். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையை இழந்த பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். கண்டால் 119க்கு அறிவிக்கலாம்.

மிதிவெடியைப் பற்றி இவ்வளவு நினைக்கும் நாங்கள் நினைக்காமல் விடும் ஆபத்துகளும் உள்ளன. முதலாவது, கட்டில்லாத தோட்டக் கிணறு. புல் மூடி, தரையோடு தரையாக இருக்கும். சிறு பிள்ளைக்கு அது தெரியாது. தோட்டத்தில் கால் வைக்கும் முன் காணிக்காரரிடம், "கிணறு எங்க இருக்கு?" என்று கேளுங்கள். இரண்டாவது, காட்டோரத் தோட்டங்களில் பன்றிக்கு வைக்கும் வெடி. ஹக்கபட்டாஸ் என்று சொல்வார்கள். சட்டத்துக்கு மாறானது. ஆனாலும் வைக்கிறார்கள். பூசணித் துண்டுக்குள்ளும் வேறு காய்களுக்குள்ளும் மறைத்து வைப்பதால்தான் இதை இங்கே சொல்கிறேன். அதைக் கடித்து வாய் சிதறிப் பட்டினி கிடந்து இறந்த யானைகள் எத்தனையோ. கொடியில் இல்லாமல் வேலியோரம் தனியே கிடக்கும் காயையோ துண்டையோ பிள்ளை எடுக்கக் கூடாது. மூன்றாவது, மருந்து. பூச்சி மருந்து எப்போது அடித்தீர்கள் என்று கேட்டு, அடித்துச் சில நாட்களாவது கழித்துப் போங்கள். வரம்பில் கிடக்கும் வெறும் மருந்துப் போத்தலைப் பிள்ளை கையில் எடுக்க விடாதீர்கள். பாம்பு பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூசணி இலை நிலத்தை மூடிக் கிடப்பதால், பெரியவர் ஒருவர் முன்னே தடியால் தட்டிக்கொண்டு போக, பிள்ளைகள் பின்னால் வரிசையாக வரட்டும். காலில் சப்பாத்து இருந்தால் நல்லது.

இவ்வளவையும் வாசித்து, "வேண்டாமப்பா, வீட்டிலேயே இருக்கட்டும்" என்று நினைக்கிறீர்களா? இவற்றில் ஒன்றாவது ஒரு கேள்வி கேட்பதாலோ ஒரு தடியாலோ தீராதது உண்டா என்று பாருங்கள்.

இன்னொரு பயம் இருக்கிறது. அதற்கு நிலத்தில் சிவப்புப் பலகை நடுவதில்லை. கணவன் இல்லாத பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலையில் வெளிக்கிட்டால் ஒழுங்கையில் நிற்பவர்கள் கேட்பார்கள்: "எங்க, விடியக் காலமை சோடிச்சுக்கொண்டு?" ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்கமாட்டார்கள். கச்சேரியில் வரிசையில் நின்றால் கேட்கமாட்டார்கள். பிள்ளையோடு சிரித்துக்கொண்டு ஒரு இடத்துக்குப் போனால்தான் ஊருக்குக் கண் குத்தும். துக்கம் என்றால் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியாது. இப்படிக் கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் தனியே போவதிலும் நாலு பேர் சேர்ந்து போவது இலகு. மாதர் சங்கத்தில் மாதாமாதம் கூடுகிறோம், கடன் தவணை கட்டுகிறோம். அதே பெண்கள் சேர்ந்து ஒரு நாள் பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போனால் என்ன?

அந்தக் கண்டாவளைத் தாயும் அயலிலுள்ள இன்னும் மூன்று பெண்களும் அப்படித்தான் போனார்கள். ஓகஸ்ட் விடுமுறையில், சிறுபோகத்துப் பூசணி பிஞ்சுவிட்டிருந்த நேரம். ஏழு பிள்ளைகள், எல்லாம் ஆறு வயதுக்குக் கீழ். அம்மம்மா ஒருவரும் கூட வந்தார். தோட்டம் சங்கத்துப் பெண் ஒருத்தியுடையது. அவளுடைய தம்பி லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிச் சென்றான். பிள்ளைகள் நிற்கக் கூடாது, பெட்டிக்குள் நிலத்தில் இருக்க வேண்டும் என்பது அம்மம்மாவின் கட்டளை. கனடாவின் வைக்கோல் வண்டி இதைவிடச் சொகுசாக இருக்கலாம். ஆனால் குலுங்கிக் குலுங்கிப் போகும்போது பிள்ளைகள் போட்ட சத்தத்துக்குக் குறைவிருக்கவில்லை.

போக வேண்டிய நேரம் விடியக்காலை. வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம் என்பது ஒரு காரணம். பூசணிப் பூ விடியும்போதே விரிந்து, மதியத்துக்குள் சுருங்கிவிடும் என்பது மற்றது. ஏழு மணிக்குப் போனால் தோட்டம் முழுக்க மஞ்சளாக இருக்கும். பூவுக்குப் பூ தேனீ இரையும். பிள்ளைகளை ஒரு பூவுக்கு முன்னால் குந்த வைத்து, தேனீ உள்ளே போய்த் தூள் அப்பிய காலோடு வெளியே வருவதைப் பார்க்கச் சொல்லுங்கள். கை நீட்டாமல் பார்த்தால் அது தன்பாட்டில் போய்விடும்.

பூக்களில் இரண்டு வகை உண்டு. நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ. பூவுக்குக் கீழே மாபிள் அளவில் குட்டிப் பூசணி ஒன்று இருந்தால் அது பெண் பூ. இதைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. "இது அம்மாப் பூ, வயித்தில குட்டி இருக்கு" என்று நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தானே பெயர் வைத்துவிட்டது. முதலில் வருவதெல்லாம் ஆண் பூவாகவே இருக்கும். அவை காய்க்காமல் உதிரும். அதைக் கண்டு கொடி மலடு என்று பிடுங்கி எறிகிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். பெண்களை மட்டுமல்ல, கொடியையும் அந்தச் சொல் விட்டு வைப்பதில்லை! கொஞ்சம் பொறுத்தால் பெண் பூ வரும். தேனீ குறைந்த இடமென்றால், ஆண் பூவொன்றைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவிலுள்ள தூளைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடலாம். காலையிலேயே செய்ய வேண்டும். சின்னக் கைகள் இதை அழகாகச் செய்யும். மிஞ்சிய ஆண் பூக்களையும் இளம் இலைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வறை வறுக்கலாம். எல்லா ஆண் பூவையும் பறித்துவிடாதீர்கள்.

இலையிலும் தண்டிலும் சுணை உண்டு. கை முழுக்க மூடும் சட்டை போட்டுவிடுங்கள். தண்ணீர்ப் போத்தல், ஒரு துவாய், புட்டோ ரொட்டியோ கொஞ்சம். வேறு ஒன்றும் வேண்டாம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் சிறு பிள்ளைகளால் நிற்க முடியாது. அழத் தொடங்கும் முன் புறப்பட்டுவிடுங்கள். எதையும் படிப்பித்துத் தீர வேண்டும் என்றும் இல்லை. காய்களை எண்ணட்டும், தூக்கிப் பார்க்கட்டும், எது பெரிது என்று சண்டை பிடிக்கட்டும்.

பிள்ளைகள் மறக்காத ஒரு வேலை இருக்கிறது. தேங்காய் அளவில், தோல் இன்னும் மென்மையாக இருக்கும் இளங்காயில் ஈர்க்கால் பெயரைக் கீறிவிடலாம். தோலில் மட்டும் படும்படி மெதுவாகக் கீற வேண்டும். ஆழமாகப் போனால் அழுகிவிடும். கீறிய இடத்தில் நீர் கசிந்து காயும். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருக்கும். முற்றும்போது பெயர் தழும்பு போல மேலெழுந்து நிற்கும். காய்களைக் கெடுக்கிற வேலையாதலால் காணிக்காரியிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அன்று பிள்ளைக்கொரு காய் என்று ஏழு காய்களை அவள் விட்டுக் கொடுத்தாள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் தாங்களே கீறின. மற்றவர்களுக்குத் தாய்மார் கை பிடித்துக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் அந்த அம்மம்மா பேரனைக் கூப்பிட்டு, "இன்னொண்டிலயும் ஒரு பேர் எழுதிவிடு ராசா" என்றாராம். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவன் எழுதினான். எழுதி முடித்துவிட்டு, "ஆரம்மம்மா இது?" என்று கேட்டான். "உன்ர மாமா. கொம்மாவின்ர அண்ணை." 2009க்குப் பின் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத மகன். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மாலை போட்ட படமும் இல்லை, ஏனென்றால் அம்மம்மா மாலை போட விடமாட்டார். விண்ணப்பப் படிவங்களில் மட்டும்தான் அந்தப் பெயர் எழுதப்பட்டு வந்தது. அன்று வரம்பில் இருந்துகொண்டு அவர் பேரனுக்குச் சொன்னார்: மாமா சின்னப் பெடியனாக இருந்தபோது இப்படித்தான் பூசணிப் பூவைப் பறித்து வந்து தங்கச்சிக்குத் தொப்பி போட்டுவிடுவானாம், பிஞ்சைப் பிடுங்கி உருட்டி விளையாடி அப்பாவிடம் அடி வாங்குவானாம். பேரன் சிரித்தான். "மாமா குழப்படியே?" என்று கேட்டான். "ஓம், உன்னைவிடக் குழப்படி." மகள் அந்தப் பக்கம் திரும்பி நின்று இலையை விலக்கிக்கொண்டு இருந்தாளாம். "அம்மா அண்ணையைப் பற்றிச் சிரிச்சுக் கதைச்சு நான் கேட்டதே இல்லை அக்கா" என்று என்னிடம் சொன்னபோதும் அவளுக்குக் குரல் சரியாக வரவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிச் சிறு பிள்ளைகளிடம் பேசலாமா என்று இப்பகுதிக்கு எழுதும் சகோதரிகள் கேட்பதுண்டு. என் எண்ணம், பேசலாம். கடைசி நாளைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை. அந்த மனிதர் என்ன சாப்பிடுவார், எதற்குச் சிரிப்பார், என்ன குழப்படி செய்தார் என்று பேசலாம். "வருவாரா?" என்று பிள்ளை கேட்டால், "தெரியாது, நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறம்" என்பதே உண்மையான பதில். பிள்ளைக்கு அது போதும். ஐந்து நிமிடத்தில் அது தேனீயைத் துரத்தப் போய்விடும்.

பெண் பூ பிஞ்சாகி, பின் முற்ற ஏறக்குறைய ஒன்றரை மாதமாகும். ஆகவே இன்னொரு முறை போக வேண்டி வரும். அதுதான் நல்லது. முன்பு கண்ட காய் எவ்வளவு பெருத்துவிட்டது என்று பார்ப்பதில்தான் பிள்ளைக்குச் சந்தோஷம். காம்பு காய்ந்து கடினமாகி, தோலில் நகம் இறங்காமல் இருந்தால் காய் முற்றிவிட்டது. காம்போடு சேர்த்து வெட்ட வேண்டும். காம்பு கழன்றால் அந்த இடத்தால் அழுகும். காம்பில் பிடித்துத் தூக்கக் கூடாது என்றும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அடிபடாத முற்றிய காயை, ஈரமில்லாத காற்றோட்டமான இடத்தில் பலகைமேல் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கிடக்கும். அந்தக் காலத்தில் உறியில் போட்டுத் தொங்கவிடுவார்கள். இடம்பெயர்ந்து திரிந்தவர்களுக்கு, கெடாமல் கிடக்கும் ஒரு காயின் பெறுமதி தெரியும்.

தோட்டக்காரியிடம் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். எல்லோரும் ஒன்றாக வெட்டும் காலத்தில் பூசணி விலை விழுந்துவிடும், வியாபாரி கேட்கும் விலைக்கே கொடுக்க வேண்டி வரும். ஆளுக்கொரு காயை அவளிடமே நேரே வாங்கினால் அவளுக்கும் உதவி, உங்களுக்கும் சந்தையை விட மலிவு. அன்று பெயர் எழுதிய காய்களையும் தாய்மார் காசு கொடுத்துத்தான் எடுத்தார்கள். தன் பெயர் எழுதிய பூசணியை வெட்டக் கூடாது என்று ஒரு பிள்ளை இரண்டு கிழமை அடம்பிடித்ததாம். மாமாவின் பெயர் எழுதிய காயை அம்மம்மா ஒரு வெள்ளிக்கிழமை தானே வெட்டி, தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கி, அயலுக்கெல்லாம் கொடுத்தார். "அவனுக்கு விருப்பமான கறி" என்று மட்டும் சொன்னாராம். அந்தத் துண்டுத் தோலை எறிந்தாரா, வைத்திருக்கிறாரா என்று மகள் கேட்கவில்லை.

விதையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் எடுத்து வையுங்கள். சந்தையில் வாங்கும் கலப்பின விதையின் காயென்றால் அடுத்த முறை அதே மாதிரி வராது, நாட்டுக் காயின் விதை நல்லது. சதையைக் கழுவிப் போக்கி, கடதாசியில் பரப்பி நிழலில் காயவிட்டு, சாம்பல் பிரட்டிப் போத்தலில் அடைக்கலாம். எண்ணிப் போடுகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். மாரி மழை தொடங்கியதும் வளவில் வெயில் படும் மூலையில் ஒரு முழ அகலக் குழி வெட்டி, உக்கிய சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு நாலு விதை போடுங்கள். முளைத்த பின் திறமான இரண்டை விட்டு மற்றதைப் பிடுங்கலாம். கொடி படர இரண்டரை மீற்றர் இடமாவது வேண்டும். வளவு சிறிதென்றால் வேலியிலோ கோழிக்கூட்டுக் கூரையிலோ ஏற்றிவிடலாம்.